ராபின்சன் சாரின் காதுப்பாடம்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் பேச்சில் ராபின்சன் சாரை ஜெயிக்க ஆள் கிடையாது. கல்யாண வீட்டில் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர்கள், பாயசம் வருவதற்குள் பானிப்பட்டு யுத்தம் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். கேட்க ஒரு ஆள் கிடைத்தால் போதும், மனிதருக்குச் சோறு வேண்டாம்.

சரித்திரத்தில் எம்.ஏ. படித்தவர். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக வேண்டும் என்று, தலைமுடி கறுப்பாக இருந்த காலம் முழுக்கப் பரீட்சை எழுதினார்; வேலையும் வரவில்லை, முடியும் நிற்கவில்லை. கடைசியில் உதியன்குளங்கரை ஜங்ஷனில் ஒரு மாடியைப் பிடித்து டுடோரியல் தொடங்கினார். பத்தாம் கிளாசில் தோற்றவர்களை மறுபடி எழுதி ஜெயிக்க வைப்பதுதான் அங்கே தொழில். நல்ல ஓட்டம் ஓடியது. வெள்ளறடையிலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள். பெஞ்சு போதாமல் ஜன்னல் படியில் உட்கார்ந்து கேட்டவர்கள் உண்டு. பிறகு கேரளத்தில் பத்தாம் கிளாசில் தோற்கிற வழக்கமே நின்றுபோனது. தோற்க ஆளில்லாத நாட்டில் டுடோரியலுக்கு என்ன வேலை? அந்த மாடியில் இப்போது பியூட்டி பார்லர் நடக்கிறது.

வீட்டை நடத்துவது அவர் மனைவி ஜிஜி. நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் இரத்தம் எடுக்கிற வேலை. காலையில் அவள் பஸ் ஏறிப் போன பிறகு சார் பேப்பர் வாசிப்பார், இருக்கிற நாலு ரப்பர் மரத்தைச் சுற்றி வருவார், பூனையிடம் கொஞ்சம் சரித்திரம் சொல்வார். பூனையும் ஒரு கட்டத்தில் எழுந்து போய்விடும். ஐம்பது தாண்டிய வயதில், தன்னால் இனி யாருக்கும் பிரயோசனமில்லை என்று ஒரு மனிதன் தெரிந்துகொள்வது லேசான காரியமில்லை. அதைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவரிடம் தங்கபாய் வந்து நின்றாள். அதே சபைக்காரி. தனுவச்சபுரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் அடுக்களையில் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் காலை டிபனை முடித்துவிட்டு கோயிலுக்கு ஓடிவந்து, மத்தியானச் சோற்றுக்குத் திரும்ப ஓடுகிறவள்.

"சாரே, எனக்கு பத்தாங்கிளாஸ் ஒண்ணு பாஸாவணும்."

"இனி எதுக்கு தங்கபாயி? கலெக்டராவப் போறியா?"

அவள் சிரிக்கவில்லை. ஹாஸ்டலைப் புதிதாக ஒரு காண்டிராக்ட் கம்பெனி எடுத்திருக்கிறது. "அடுத்த ஜூனுக்குள்ள பத்தாங்கிளாஸ் சர்ட்டிபிகேட் காட்டணுமாம். இல்லேங்கி வேலையிலேருந்து நின்னுக்கிடுங்கண்ணு சொல்லினும். காய் நறுக்கதுக்கும் சர்ட்டிபிகேட்டு வேணுமாக்கும் இப்போ."

அவளுடைய வீட்டுக்காரன் சத்தியதாஸ் கொத்தனார் வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பு போய், வீட்டில் கிடக்கிறான். அந்த ஹாஸ்டல் வேலையும் போய்விட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று சாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தை நடுவில் விட்டவர்கள் எழுதுகிற, பத்தாம் கிளாசுக்குச் சமமான பரீட்சை ஒன்று உண்டு, துல்யதா என்பார்கள். தங்கபாய் ஏழாம் கிளாஸ் வரை படித்தவள், அதனால் எழுதலாம். ஆனால் அதற்கான வகுப்பு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க நடக்கும். அவளுக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை? அவளோடு அடுக்களையில் நிற்கிற கார்த்தியாயினிக்கும் மற்ற நாலு பெண்களுக்கும் இதே கதைதான்.

"நேரமில்லாத ஆளுக்கு பாடம் சொல்லிக்குடுக்க ஒரு வழி உண்டா சாரே?" என்று கேட்டாள்.

சார் அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டாரா என்பதே சந்தேகம். மனிதருக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. முதலில் வீடியோ எடுக்கலாம் என்று பார்த்தார். அதற்குக் கேமரா வேண்டும், விளக்கு வேண்டும், இவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார அந்தப் பெண்களுக்கு நேரமும் வேண்டும். அவர்களுடைய போனில் பாதி கண்ணாடி உடைந்தது. இன்டர்நெட்டை வீட்டிலுள்ள பிள்ளைகள் காலையிலேயே தின்று தீர்த்துவிடுகின்றன. ஆனால் வேலை செய்யும்போது எல்லோரும் காதில் வயரை மாட்டிப் பாட்டுக் கேட்கிறார்கள் என்று தங்கபாய் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். சார் அதைப் பிடித்துக்கொண்டார். கைதானே வேலை செய்கிறது? காது சும்மாதானே இருக்கிறது?

இப்படித்தான் 'காதுப்பாடம்' என்ற பாட்காஸ்ட் பிறந்தது. செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. கையில் இருந்த போன், காசு கேட்காத ஒரு ஆப், சாருடைய தொண்டை, அவ்வளவுதான். ஒரு சினிமாப் பாட்டைப் பார்க்கிற நெட்டில் நாலைந்து பாடத்தை இறக்கிவிடலாம். சத்தம்தான் தொந்தரவு. ரோட்டில் லாட்டரி வண்டி கூவிக்கொண்டு போகும், மழை வந்தால் கூரை ஷீட்டில் பறை அடிக்கும். கடைசியில் ஜிஜியின் அலமாரியைத் திறந்து, சேலைகளுக்கு நடுவில் போனை வைத்து, தலையை உள்ளே விட்டுப் பேசிப் பார்த்தார். குரல் வானொலியில் வருவது போல வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்த ஜிஜி, அலமாரிக்குள் புருஷனின் முதுகை மட்டும் பார்த்துத் திடுக்கிட்டுப்போனாள்.

"எனக்க சாரியெல்லாம் இந்த வருஷம் பத்தாங்கிளாஸ் பாஸாவும்," என்றாள்.

பரீட்சைக்குப் பேர் கொடுக்க ஆறு பெண்களையும் சாரே துல்யதா மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேசையில் இருந்த பெண் பேப்பரைப் பார்த்துக்கொண்டே, "மீடியம் ஏதாணு?" என்று கேட்டாள். எந்த மொழியில் எழுதப் போகிறார்கள் என்று கேள்வி.

"தமிழ். இதையும் கேக்கணுமா? ஆறு பேரும் தமிழ்தான்," என்றார் சார். அதோடு விட்டாரா? மாநிலம் பிரித்தபோது எல்லைக் கோடு எப்படி வந்தது, எந்த ஊர் இந்தப் பக்கம் நின்றது, தமிழில் பரீட்சை எழுதுகிற உரிமை இங்குள்ளவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று அந்தப் பெண்ணுக்குக் கால் மணி நேரம் வகுப்பு எடுத்தார். ஆறு பேரும் சுவரோடு ஒட்டி நின்று பயபக்தியாகக் கேட்டார்கள். ஹாஸ்டலில் காய்கறி வந்து கிடக்கும் என்பதுதான் அவர்களுடைய கவலை.

உண்மையைச் சொன்னால், பாடம் நன்றாகவே இருந்தது. பேச்சுக்காரன் பேச்சு இல்லையா? அக்பரும் அசோகரும் அலமாரிக்குள்ளிருந்து உயிரோடு எழுந்து வந்தார்கள். உடம்பில் இரத்தம் ஓடுவதை ஜிஜியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு விஞ்ஞானப் பாடமும் சொன்னார். கேள்வியை அவரே வாசிப்பார், பதிலை அவரே சொல்வார், பிறகு இரண்டாம் தரம் மெதுவாகச் சொல்வார். ஹாஸ்டல் அடுக்களையில் தேங்காய் துருவும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் ஆறு பேர் காதிலும் அவர் ஓடிக்கொண்டிருந்தார். தினம் எத்தனை பேர் கேட்டார்கள் என்று அந்த ஆப்பே காட்டும். காலையில் எழுந்ததும் பைபிளுக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார். ஆறு என்று காட்டினால் அன்றைக்கு ஜிஜியிடம் சண்டை இல்லை. பரீட்சைக்கான புத்தகம் அவர்களுக்கு வந்து சேர்ந்தபோது, "அது உறைக்குள்ளே கிடக்கட்டு. எல்லாம் காதுல இருக்கு," என்று சொல்லி ஒரு பாடமே போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் தங்கபாயைப் பார்த்தால் சட்டென்று ஒரு கேள்வி போடுவார். "பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணம் என்ன?" அவள் ஒரு மூச்சில் சொல்லிவிடுவாள், இவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, இவர் இழுக்கிற இடத்தில் இழுத்து. சின்ன வயதிலிருந்து ஓய்வுநாள் பள்ளியில் வசனம் மனப்பாடம் சொல்லிப் பரிசு வாங்கினவள் அல்லவா? இந்தப் பக்கத்துச் சபைகளில் அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறினது. ஒன்றைக் கேட்டுவிட்டால் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். சார் அங்கேயே கண் கலங்கி, பக்கத்தில் நின்ற கமிட்டிக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு அவளை மறுபடி சொல்லச் சொன்னார். அவளும் சொன்னாள்.

பரீட்சை நாளும் வந்தது. கஞ்சி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு, ஆறு பேருக்கும் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வாங்கிப் பொதிந்து வைத்துக்கொண்டு, சார் பள்ளிக்கூட வாசலில் எலுமிச்சம்பழச் சாறு விற்கிற கடையோரம் நின்றார். கடைக்காரனுக்குப் பாட்காஸ்ட் என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டிருந்தபோது, பெல் அடித்து அரை மணிகூட ஆகவில்லை, கார்த்தியாயினி வெளியே வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"என்ன பிள்ளே, அதுக்குள்ள எழுதித் தீந்தா?"

"கேள்விப் பேப்பர் தமிழ்ல இருக்கு சாரே."

"பின்னே? தமிழ்ல தானே இருக்கும்?"

"எனக்கு தமிழ் வாசிக்கத் தெரியாது."

சாருக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு நேரமும் தமிழில்தானே பேசிக்கொண்டிருக்கிறாள்? பிறகு மெல்ல மெல்ல விஷயம் விளங்கியது. இந்த ஊர்ப் பெண்கள் தமிழில் பேசுவார்கள், தமிழில் சண்டை போடுவார்கள், செத்த வீட்டில் தமிழில்தான் அழுவார்கள். பள்ளிக்கூடம் போனது மட்டும் மலையாளத்தில். பஸ் போர்டு மலையாளம், ரேஷன் கார்டு மலையாளம், கரண்ட் பில் மலையாளம். அவர்கள் கைக்கு வருகிற எழுத்து அது ஒன்றுதான். தமிழ் அவர்களுக்கு நாக்கில் இருக்கிற சாமான். எழுத்தில் அதை அவர்கள் தொட்டதே இல்லை. ராபின்சன் சார் அம்மை பிறந்த வீட்டில் தங்கி, களியக்காவிளைப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவருக்கு இரண்டு எழுத்தும் தண்ணீர்பட்ட பாடு. அதனால் ஒரு எழுத்து மட்டும் தெரிந்தவர்கள் உலகத்தில் உண்டு என்று அவருக்குத் தோன்றவேயில்லை. தங்கபாய் வாரந்தோறும் பாடகர் குழுவில் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு பாடுவதை அவர் பார்த்திருக்கிறார். அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாளா, சும்மா பிடித்திருந்தாளா என்று யார் பார்த்தார்கள்?

மற்ற நாலு பேரும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தங்கபாய் கடைசிப் பெல் வரைக்கும் வரவில்லை. சாருக்கு அதில் ஒரு நம்பிக்கை. கெட்டிக்காரி, எப்படியாவது சமாளித்திருப்பாள் என்று பழம்பொரிப் பொதியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

அவள் வந்தபோது கையெல்லாம் மையாக இருந்தது.

"மலையாளப் பேப்பர் தருமாண்ணு அங்க நின்ன டீச்சர்ட்ட கேட்டேன். உங்க பேரு தமிழ் லிஸ்டுலயாக்கும் இருக்குண்ணு சொன்னினும். பின்னே கேள்விய விட்டேன். சார் சொன்னத முதல் பாடத்துலேருந்து எழுதத் தொடங்கினேன். சார் சொன்னதப் போலத்தான், தமிழ்ல. எழுத்து மட்டும் மலையாளம்."

"கேள்வி என்னண்ணு தெரியாமலா எழுதினே?"

"எவ்வளவு எழுதினாலும் அதுல கேட்டது எங்கயாவது கிடக்கும் இல்லியா சாரே?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழியை உடைத்தவர் பக்கத்திலேயே வேட்டியும் கட்டிக்கொண்டு நின்றார். அவரை அடிக்க வேண்டும் போல இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் கை எழாது.

மறுநாளே ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினார். மிச்சமுள்ள பரீட்சைகளுக்காவது மலையாளப் பேப்பர் கொடுக்கக் கூடாதா என்று கெஞ்சினார். பட்டியல் போய்விட்டது, இனி மாற்ற முடியாது, அடுத்த வருஷம் எழுதட்டும் என்றார்கள். ஒரு ஆபீசர் நல்ல மாதிரி மனிதர், உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, "சார் இவங்ககிட்ட முதல்லயே கேட்டிருக்கலாமே?" என்றார். சார் அந்தத் தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தார். கார்த்தியாயினியும் மற்றவர்களும் அதற்குப் பிறகு பரீட்சைப் பக்கமே போகவில்லை. தங்கபாய் மட்டும் எல்லா நாளும் போனாள். எழுந்து வந்துவிட்டால் தோற்றுவிட்டேன் என்று தானே சொன்ன மாதிரி ஆகும் என்றாள். ஒவ்வொரு நாளும் மை தீரத் தீர எழுதினாள்.

ரிசல்ட் வந்தது. கணக்கில் மட்டும் ஜெயித்திருந்தாள். ராபின்சன் சார் உருப்படியாகச் சொல்லித்தராத ஒரே பாடம் அதுதான். எண்களைப் பார்த்துக் கணக்கைப் போட்டுவிட்டாள். மற்ற எல்லாம் போய்விட்டது. ஜூன் பிறந்தது, ஹாஸ்டலில் புதுப் பெண்கள் வந்தார்கள், இவர்கள் ஆறு பேரும் வேலையிலிருந்து நின்றுகொண்டார்கள்.

ஜிஜி வழக்கம்போல ஏதாவது கேலி செய்வாள் என்று சார் காத்திருந்தார். ஒரு நாள் சாயங்காலம் வந்தபோது அலமாரி மூடியே கிடப்பதைப் பார்த்தாள். "நிங்க வேணும்னு செய்யல்லியே," என்றாள். அது அவருக்குக் கேலியைவிட மோசமாக இருந்தது.

பல தடவை தங்கபாய் வீட்டு வழி வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். கடைசியில் ஒரு காலை, உதியன்குளங்கரை பஸ் ஸ்டாப்பில் அவளே அகப்பட்டாள். கையில் சோற்றுப் பாத்திரம். மார்த்தாண்டம் தாண்டி ஒரு அண்டி ஆபீசில், முந்திரிப் பருப்பு உடைக்கிற வேலை கிடைத்திருக்கிறதாம். அங்கே சர்ட்டிபிகேட் கேட்க மாட்டார்களாம். விடியும் முன்னே இறங்கினால்தான் பஸ் கிடைக்கும், இன்றைக்குத் தாமதம் என்றாள். சத்தியதாஸை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்க சாருக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைக் கொட்டினார்.

"தங்கபாயி, ஒண்ணும் கெட்டுப்போவல்ல. அடுத்த தடவை மலையாளத்துல பேரு குடுப்போம். நான் பாடம் எல்லாத்தையும் மலையாளத்துல புதுசா பேசித் தாறேன். முதல்லேருந்து. நீ தேங்கா திருவும்போ கேட்டாப் போதும்."

"அங்க காதுல வயரு மாட்ட விடமாட்டினும் சாரே. இனி பாஸாயி எனக்கு என்ன செய்ய? வேலை போச்சே."

சத்தமில்லாமல்தான் சொன்னாள். கோபம் இருந்திருந்தால் சாருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் விடவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இவரே அவளிடம் கேட்டுவிட்டார்.

"சொன்னேன் சாரே."

"எப்போ?"

"புக்கு கையில கிடைச்ச அன்னைக்கு. தொறந்து பாத்தா ஒரு எழுத்தும் பிடி கிடைக்கல்ல. நம்ம குரூப்பில எழுதினேன். மலையாளத்துலதான் எழுதினேன், சாரே இது எங்களுக்கு வாசிக்கத் தெரியாதுண்ணு. போவல்ல. அதுல சாரு மட்டும்தான் எழுதலாமுண்ணு காட்டிச்சு."

பாடத்தை அனுப்ப சார் தொடங்கிய வாட்ஸ்ஆப் குரூப்பைத்தான் சொல்கிறாள். முதல் வாரமே அந்தப் பெண்கள் அதில் ரோஜாப்பூவும் குட்மார்னிங்கும் ஜெபமுமாகப் போட்டுக் குவித்தார்கள். பாடம் அடியில் போய்விடுகிறது என்று, வேறு யாரும் எழுத முடியாதபடி சார்தான் பூட்டிவைத்தார். பூட்டியதோடு அதை மறந்தும் போனார்.

"தனியா விளிச்சுச் சொல்ல நாணமா இருந்து. கோயில்ல வச்சு சொல்லலாமுண்ணு வந்தேன். சாரு பாடம் கேட்டிய. ஆளுகளக் கூட்டி, மறுபடியும் சொல்லச் சொன்னிய. அவ்வளவு பேருக்க முன்னால வாசிக்கத் தெரியாதுண்ணு எப்பிடி பறைய? பின்னே பரீட்சைப் பேப்பரு மலையாளத்துலதான் வருமுண்ணு நானே மனசத் தேத்திக்கிட்டேன்." பாத்திரத்தை மறு கைக்கு மாற்றினாள். "எனக்கு எழுத்துத் தெரியாம இல்ல சாரே. மலையாளத்துல நல்லா எழுதுவேன். சார் சொன்னது எல்லாம் மனசுல உண்டு. இப்பவும் உண்டு."

ராபின்சன் சார் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவள் பெரியவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று மரியாதையாகக் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் பஸ் வந்தது. கூட்டம் அதிகமாக இருந்ததால் பின்வாசலில் ஏறினாள்.